தொண்டைக்குள் ஒரு வெளிச்சம்

தொண்டைப் புற்றுநோய்க் கட்டியை அகற்றும் மருத்துவருக்குப் பெரிய சிக்கல் எது தெரியுமா? கட்டி எங்கே முடிகிறது என்பதுதான். நோயுள்ள சதைக்கும் நல்ல சதைக்கும் நடுவே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும்தான் கணிக்கிறார்கள். வாய்ப் புற்று என்றால் சுற்றிலும் குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பது வழக்கம். குரல்வளையில் அவ்வளவு இடம் ஏது? குறைத்து வெட்டினால் நோய் திரும்பலாம். கூட்டி வெட்டினால் பேச்சு போகலாம், ஒரு வாய்ச் சோறு விழுங்குவதே பாடாகலாம்.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. இந்தப் புற்றணுக்கள் பலவற்றின் மேல் ஈ.ஜி.எப்.ஆர் என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் மருந்தோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, அறுவைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். சாயம் கட்டியில் போய்த் தங்குகிறது. அகச்சிவப்பு ஒளி பட்டதும் மின்னுகிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. தனிக் கேமரா அதைத் திரையில் காட்டும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தார் 12 நோயாளிகளிடம் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆனாலும் இது மந்திர விளக்கு அல்ல. ஆழத்தில் புதைந்த கட்டிக்கு ஒளி எட்டாது. சில இடங்களில் நல்ல சதையும் மின்னி ஏமாற்றும். நுண்ணோக்கிச் சோதனை சொல்வதே முடிவு. இவ்வகைச் சாயங்களுக்கு அமெரிக்காவில் சூலகப் புற்றுக்கு 2021இலும், நுரையீரல் புற்றுக்கு 2022இலும், மார்பகப் புற்றுக்கு 2024இலும் அனுமதி கிடைத்தது. தொண்டைப் புற்றில் ஆய்வு தொடர்கிறது.

சரி, பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கு இதனால் என்ன? மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, அதிகம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இல் அறிவித்தது. புகையிலை சேர்ந்தால் தொண்டைக்கும் ஆபத்து.

ஆகவே வீட்டிலுள்ள பாட்டியின் வாயை ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மாறாத குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி இருந்தால், தைலம் தடவிக் காத்திருக்க வேண்டாம். தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு நல்ல கேமரா வந்தாலும், கட்டி சிறிதாக இருக்கும்போது போனால்தான் வெட்டும் சிறிதாகும், குரலும் மிஞ்சும்.