அரங்கின் சாட்சிகள்

நாடகம் முடிந்தவுடன் விளக்கு அணைகிறது, திரை வீழ்கிறது, நடிகன் பேசிய சொல் காற்றில் கலந்துவிடுகிறது. அவ்வாறாயின், ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஆடிய நாடகத்தை நாம் எங்ஙனம் அறிவது?

கிரேக்க நாட்டில் இதற்கு இரு சாட்சிகள் உள. ஒன்று கல். எபிடாரஸ் என்னும் ஊரில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவில் அமைத்த அரங்கு இன்றும் நிற்கிறது. வட்டமான ஆடுகளத்தைச் சூழ்ந்து, விசிறி விரித்தாற்போல் இருக்கைகள் ஏறிச் செல்கின்றன. ஏறத்தாழ 14,000 பேர் அமரலாம். ஆயினும், ஆடியவர் பூண்ட கோலம் யாது என்பதைக் கல் கூறாது.

அதனைக் கூறுவது குயவனின் கலம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய மதுக்கலம் ஒன்றில், கி.மு. 400-ஐ ஒட்டிய நாடகக் குழு ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. நடுவே புரோனோமஸ் என்னும் குழலூதுவோன் அமர்ந்திருக்கிறான். சுற்றிலும் நடிகர்கள் முகமூடிகளைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். பலருடைய பெயரும் அருகே எழுதப்பட்டுள்ளது. அன்று மேடையில் அணிந்த முகமூடி ஒன்றேனும் எஞ்சவில்லை, ஓவியமே எஞ்சியது.

இனி நம் நாட்டை நோக்குவோம். புனேயை அடுத்த தாபோடியில் லோணாவளா ரயிலேறி மளவ்லியில் இறங்கினால், பாஜா குடைவரைகளை அடையலாம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவில் குடையத் தொடங்கிய அவ்விடத்தில், முழவொலிக்கு ஏற்ப ஒரு பெண் ஆடும் சிற்பத்தைக் காண்கிறோம். ஆட்டம் உண்டு, அரங்கு இல்லை.

ஆந்திர நாட்டு நாகார்ஜுனகொண்டாவிலோ அரங்கு உண்டு. 1954 முதல் 1960 வரை நடந்த அகழாய்வில், நாற்புறமும் படியிருக்கைகள் சூழ்ந்த, இக்குவாகு மன்னர் காலத்துச் செங்கற் களம் வெளிப்பட்டது. அணைநீர் பள்ளத்தாக்கை மூடியபோது அக்களம் அழியாதிருக்க, அதனை அனுபு என்னுமிடத்தில் மீண்டும் அமைத்தனர். அங்கு நிகழ்ந்தது நாடகமோ மற்போரோ, செங்கல் கூறாது.

தமிழகத்தில் பழைய ஆடரங்கு மண்ணில் எஞ்சவில்லை, நூலில் எஞ்சியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, 24 விரல் நீளமுள்ள கோலால் அரங்கை அளக்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல். வாயில் இரண்டு, திரை மூவகை. தூணின் நிழல் ஆடுவோர்மீது படாவண்ணம் விளக்கு வைக்க வேண்டுமென்பதையும் இளங்கோவடிகள் மறந்தாரல்லர்.

கல் அளவைத் தருகிறது. கலம் கோலத்தைத் தருகிறது. நூல் முறையைத் தருகிறது. எந்த ஒன்றும் தனியே போதாது. நம்மிடையே இன்றும் ஆடப்பெறும் தெருக்கூத்தின் மரமுடியும் புயக்கட்டையும் செல்லரிக்கும் தன்மையன. அவற்றை அளந்து, வரைந்து, ஆடுவோர் பெயரையும் எழுதி வைத்தல் நம் கடன். கிரேக்கக் குயவன் தன் காலத்து நடிகர்க்குச் செய்ததை, நாம் நம் கூத்தர்க்குச் செய்யலாகாதா?