எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஈஸ்டர் மாலைக் கூடுகையில், பி பிளாக்கில் வசிக்கும் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

பொங்கலுக்கு நம் வாசலில் எல்லோருமாகப் பானை வைத்தோம். ரம்ஜானுக்கு இரண்டாவது மாடியிலிருந்து வந்த பிரியாணியை எல்லோருமாகச் சாப்பிட்டோம். "ஈஸ்டருக்கு நீங்கள் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள், டீச்சர்" என்று செயலாளர் கேட்டார். பிரசங்கம் செய்ய எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் நடக்கும் ஒரு சின்ன விஷயத்தையும், போன வருஷம் நம் குடியிருப்பில் நடந்த ஒரு விஷயத்தையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நாங்கள் உபவாசம் இருக்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் அதைத் தவக்காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ. சபையில் எங்களுக்கு அது லெந்து. சாம்பல் புதனில் தொடங்கும். காலண்டரில் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். நடுவே வரும் ஆறு ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்று துக்கம் கூடாது. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்ததை நினைத்து இந்தக் கணக்கு.

நம் ஊரில் இந்த மாதங்களே அப்படித்தான். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா என்றால் பாதி ஊர் விரதம். எங்கள் மாடியிலேயே இரண்டு வீட்டில் அந்த நாட்களில் கறி, மீன் வாசனை வராது. வளனார் பேராலயத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. ரம்ஜான் மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால், இந்தச் சில வருஷங்களாக அதுவும் லெந்து நாட்களோடு சேர்ந்துகொள்கிறது. பேகம்பூர்ப் பக்கம் சாயங்காலம் போனால் நோன்புக் கஞ்சி வாசனை. ஆளாளுக்கு ஒரு பட்டினி, ஆனால் ஒரே ஊர், ஒரே வெயில்.

எங்கள் சபை சின்னது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது, அடுத்த வருஷமே திண்டுக்கல்லுக்கும் வந்துவிட்டது. அந்த மரபில் வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தன. அந்தப் பெரிய மரத்தில் எங்களுடையது ஒரு சின்னக் கிளை. நாற்பது குடும்பம். ஓட்டுக் கூரை, ஆறு மின்விசிறி, அதில் இரண்டு சத்தம் போடும். பாடகர் குழு என்று சொல்லிக்கொள்ள ஐந்து பேர். அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விட்டால் ஒரு பூசணிக்காய் நாலு கை மாறி, கடைசியில் கொண்டுவந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

அந்தச் சபையில் லெந்து என்றால் எங்களுக்குப் பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட வேண்டும். என் மாமியார் காலத்தில் மண் கலயம். இப்போது பெரும்பாலும் காலியான ஹார்லிக்ஸ் பாட்டில். எத்தனை பேருக்குச் சமைத்தாலும் ஒரு பிடி. சமைத்து மிஞ்சினதைக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது நம் தட்டுக்கு வர வேண்டியதிலிருந்து முதலில் எடுப்பது.

ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாளைக்கு இரண்டு கிலோ. நாற்பது குடும்பத்துக்கு எண்பது கிலோ. பெரிய வெள்ளிக்கு முன்னால் அது இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய்விடும். யாருக்குப் போகிறது என்று ஆராதனையில் வாசிக்க மாட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கம் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் சொன்ன பிடி அரிசித் திட்டத்தை இங்கே பலர் வீட்டில் பாட்டிமார் கடைப்பிடித்திருப்பார்கள். வடகிழக்கே மிசோரத்தில் 1910 வாக்கில் சபைப் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு பிடி. அவர்கள் மொழியில் அதற்கு வைத்த பெயருக்கும் 'பிடி அரிசி' என்றுதான் அர்த்தம். அந்த ஏழைப் பெண்கள் எடுத்து வைத்த பிடி இன்று வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கிறது. நம் முத்தழகுப்பட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் எல்லா மதத்தாரும் ஆடும் கோழியும் அரிசியும் நேர்ந்து கொண்டுவருகிறார்கள். ராத்திரி முழுக்கச் சமையல். யார் ஆடு, யார் அரிசி என்று சட்டிக்குத் தெரியாது. சாப்பிடுகிறவருக்கும் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அரிசியைப் பற்றி இல்லை. அதை வாங்க வருகிறவரைப் பற்றி.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார். வயது எழுபது தாண்டிவிட்டது. லெந்து நாட்களில் வாரம் ஒருமுறை, கையில் ஒரு துணிப்பையோடு நாற்பது வீட்டுக்கும் போவார். நான் ஒருமுறை கேட்டேன்: "ஏன்க்கா, இந்த வெயிலில் அலைகிறீர்கள்? எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே கொண்டுவந்துவிடலாமே? இல்லையென்றால் ஆளுக்கு நூறு ரூபாய் ஜிபேயில் போட்டுவிடலாமே?"

அக்கா சிரித்தார். "அரிசிக்கா போறேன், டீச்சர்? கதவைத் திறக்க ஒரு காரணம் வேணும்ல" என்றார்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. பை ஒரு சாக்கு. அந்தப் பையோடு போனால் யார் வீட்டுக் கதவும் திறக்கும். அடுப்படி வரைக்கும் போகலாம். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம். யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்தப் பிள்ளை காலேஜுக்குப் போகாமல் படுத்திருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் கலயம் காலியாக இருந்தால், "ஏன் போடவில்லை?" என்று அக்கா கேட்க மாட்டார். இந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று புரிந்துகொள்வார். ஒரு வருஷம் அப்படித்தான், வேலை போனதைச் சபையில் யாருக்கும் சொல்லாமல் இருந்த ஒரு குடும்பம் தெரியவந்தது. அன்று சாயங்காலமே அதே துணிப்பையில் அரிசி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது. வாங்குகிற பையும் கொடுக்கிற பையும் ஒன்றே என்பதால் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

சின்னச் சபையில் ஒரு சங்கடமும் உண்டு, ஒரு பாதுகாப்பும் உண்டு. ஒரு ஞாயிறு போகாவிட்டால், மூன்றாவது பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருப்பது ஆயருக்கும் தெரியும், கோயில்பிள்ளைக்கும் தெரியும். மதியத்துக்குள் போன் வந்துவிடும். சில நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். "ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்க விடமாட்டார்களா?" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இப்போது நம் குடியிருப்பில் நடந்ததற்கு வருகிறேன். உங்களில் பலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

போன வருஷம் லெந்து நாட்களில், எங்கள் மாடியில் தனியாக இருந்த ஒரு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. போன் ஹாலில் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கதவு சாத்தியிருந்ததால் வெளியே கேட்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்து செய்து பார்த்துவிட்டு, செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நாங்கள் எல்லோரும் அந்தக் கதவு முன்னால் கூடினோம்.

திண்டுக்கல்லில் பூட்டுக்காரருக்கு என்ன பஞ்சம்? நம் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். போன் செய்து பத்து நிமிஷத்தில் ஒருவர் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்துகொண்டே சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை நாளாப் பூட்டியிருக்கு?"

பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நேற்றுக் காலையா, அதற்கு முந்தின நாளா? ஒருவர் "ஞாயிற்றுக்கிழமை லிப்டில் பார்த்தேன்" என்றார். இன்னொருவர் "அது போன ஞாயிறு" என்றார். கதவில் தொங்கிய பையில் இரண்டு பால் பாக்கெட் இருந்தது. ஒன்று திரிந்துபோய் உப்பியிருந்தது. அந்தப் பை மட்டும்தான் சரியான கணக்கு வைத்திருந்தது.

அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அந்த இரண்டு நாளும் நான் காலையில் உபவாசம், சாயங்காலம் கோயிலில் லெந்து கூட்டம். போகும்போது இரண்டு தடவை, வரும்போது இரண்டு தடவை அந்தப் பையைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். கையில் வேதாகமம். அதில் ஏசாயா தீர்க்கதரிசியின் ஐம்பத்தெட்டாவது அதிகாரம் இருக்கிறது. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதான் உபவாசம், தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வது அல்ல என்று சொல்கிற அதிகாரம். அந்த வாரம் கூட்டத்தில் அதைத்தான் வாசித்தோம். என் பட்டினி ஒரு நாளும் தவறவில்லை. பக்கத்துக் கதவை நான் பார்க்கவில்லை.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி இங்கே வரவில்லை. மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுத்துவிட்டேன்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஈஸ்டர் கதையைப் பிள்ளைகளுக்காக ஒரு வரியில் சொல்கிறேன். வாரத்தின் முதல் நாள் விடியற்காலையில் சில பெண்கள் வாசனைத் திரவியங்களை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள். வாசலில் பெரிய கல். அதை யார் புரட்டித் தருவார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறார்கள். பதில் அவர்களிடம் இல்லை. ஆனாலும் போகிறார்கள். போன பிறகுதான் கல் புரட்டப்பட்டிருந்தது தெரிகிறது. சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த நேரத்தில், போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் முதல் செய்தி கிடைத்தது. என் விசுவாசம் உங்களுக்கு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்ப்பது என்ற அந்தப் பாதியை மட்டும் நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பிளாக், பிளாக்குக்கு ஆறு மாடி, மாடிக்கு எட்டு வீடு. மொத்தம் தொண்ணூற்றாறு கதவு. ஒருவரால் முடியாது. மாடிக்கு ஒருவர் என்றால் எட்டே எட்டுக் கதவு. மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் பால் பாக்கெட்டோ பேப்பரோ எடுக்கப்படாமல் கிடந்தால், அந்தக் கதவு மணியை அடிக்க வேண்டும். பதில் இல்லையென்றால் போன். அதுவும் இல்லையென்றால் வீட்டார் தந்திருக்கும் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் விரும்பினால், ஒரு மாற்றுச் சாவியைத் தங்களுக்கு நம்பிக்கையான ஒரு பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் மாடியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். இதற்குச் சந்தா வேண்டாம், புது ஆப் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுவது இதற்கு ஈடாகாது. அந்த இரண்டு நாளும் குழுவில் நாற்பது காலை வணக்கம் வந்திருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

இன்னொன்று. நம் செக்யூரிட்டி அண்ணன்களும், மாடிப்படி கூட்டுகிற அக்காமார்களும் வராத நாளில் "ஏன் குப்பை எடுக்கவில்லை?" என்றுதான் குழுவில் கேட்கிறோம். "ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன?" என்று ஒருவர் போன் செய்யலாம். அவர்கள் இடமும் காலியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் என் மாடியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அக்காவிடமிருந்து ஒரு பழைய துணிப்பை வாங்கி வந்து எட்டு வீட்டுக்கும் போனேன். பிடி அரிசி வேண்டும், வாசலில் நிற்கிற அண்ணன்களுக்கும் கூட்டுகிற அக்காமார்களுக்கும் என்று சொன்னேன். ஏழு வீட்டில் கொடுத்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கடவுளே இல்லை என்கிற ஒரு தம்பி, எல்லோரும்தான். எட்டாவது வீட்டில், குடிவந்து இரண்டு வருஷம் ஆகியும் நான் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். "அரிசி இல்லைம்மா, நான் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் உள்ளே வாங்க, டீ போடத் தெரியும்" என்றார்.

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அவர் வீட்டுக் கதவு எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியும்.