சோதனைக்கு ஒரு டயர், சாலைக்கு ஒரு டயர்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வணிக நேர்மை பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் நானா சொன்னார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு லோரி உதிரிப்பாகமும் டயரும் விற்கிறவன் நான். எனக்குத் தெரிந்தது வண்டி. ஆகவே வண்டியை வைத்தே பேசுகிறேன்.

ஃபோக்ஸ்வேகன் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் நம் தமிழர் ஒருவருக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரவிந்த் திருவேங்கடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேன் கார்டர் என்பவரின் குழுவில் இருந்தார். பெங்களூர்க்காரரான ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் ஆகியோரும் கூட இருந்தார்கள். டீசல் கார்களின் புகையை ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையிலும் அளந்து பார்ப்போம் என்று கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பஸ்ஸாட் காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள். யாரையும் பிடிக்க வேண்டும் என்று போகவில்லை. டீசல் எவ்வளவு சுத்தம் என்று காட்டத்தான் போனார்கள்! 2014 மே மாதம் அறிக்கை வந்தது. பஸ்ஸாட் வரம்பைவிட 5 முதல் 20 மடங்கும், ஜெட்டா 15 முதல் 35 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. அதே பயணத் திட்டத்தில் அளந்த பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது.

தந்திரம் எளியது. சோதனையில் வண்டி உருளைமேல் நிற்கும். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் அசையாது. இதையெல்லாம் வைத்து "இது சோதனை" என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். உடனே புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பை முழுமையாக இயக்கும். சாலைக்கு வந்ததும் தளர்த்திவிடும். ஏனென்றால் அது எப்போதும் முழுமையாக இயங்கினால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், பாகங்கள் சீக்கிரம் தேயும். 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்க அரசு விஷயத்தை வெளியிட்டது. ஐந்தே நாளில் தலைவர் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. 2017-ல் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதச் சிறை. மேலிருந்து வந்த நெருக்கடிக்கு இணங்கிப்போன ஒரு சம்பளக்காரர். அவரை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் அந்தப் புகையைச் சுவாசித்த ஆஸ்துமாப் பிள்ளைகளை நினைத்தால் வருத்தம் குறைகிறது.

இது ஜெர்மன் கதை என்று நினைக்க வேண்டாம். வெளியே நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் பெரோடுவாவாக இருக்கும். பெரோடுவாவுக்குத் தொழில்நுட்பம் தரும் ஜப்பானிய டைஹாட்சு, 2023 ஏப்ரலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. பக்கவாட்டு மோதல் சோதனைக்குப் போன காரில் கதவின் உள்பலகையில் வெட்டு போட்டிருந்தார்கள். மோதும்போது பலகை கூராக உடையாமல் இருப்பதற்காக. கடைக்கு வந்த காரில் அந்த வெட்டு கிடையாது. பாதிக்கப்பட்ட சுமார் 88,000 கார்களில் ஆக்சியாவும் அடக்கம். உள்ளே இருந்த யாரோ ஒருவர் தகவல் கொடுத்ததால்தான் வெளிவந்தது. டிசம்பரில் விசாரணைக் குழு 64 மாடல்களில் மேலும் 174 முறைகேடுகளைச் சொன்னது. மிகப் பழையது 1989-ஆம் ஆண்டினது. மோதலை உணர்ந்து தானாக விரிய வேண்டிய காற்றுப்பையை, சோதனையில் டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள். வண்டிகள் பாதுகாப்பானவையே என்று பெரோடுவா அறிவித்தது. இருக்கலாம், நானும் அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறேன். காரணம் என்ன என்று பார்த்த குழு, மிக நெருக்கமான காலக்கெடுவைக் கைகாட்டியது.

காலக்கெடு என்றதும் நம் கதைக்கு வருகிறேன். நம்மில் லோரி வைத்திருப்பவர்கள் பலர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முதல் நாள் என் கடைக்கு வந்து, "தம்பி, ஒரு நாளைக்கு நல்ல டயர் கொடு, நாளை மாலை கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை. அதனால் சில வாடிக்கைகள் போய்விட்டன, இந்த மண்டபத்திலேயே ஒன்றிரண்டு பேர் சிரிக்கிறீர்கள். உள்பலகையில் வெட்டு போட்டவர்களுக்கும் ஒரு நாள் டயருக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுடையது பெரிய தொகை, அவ்வளவுதான். அளவையில் குறைப்போரைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தராசுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கிவிட்டோம். பாலிக் புலாவ் மலைச்சாலை இறக்கத்தில் மழை நாளில், தேய்ந்த டயரோடு மூன்று டன் அரிசி இறங்குவதைக் கற்பனை செய்யுங்கள். எதிரே வருவது பள்ளிவேன்.

புதுச் செட் டயர் வாங்கக் கையில் பணம் இல்லை என்பது பலருக்கு உண்மையான கஷ்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆகவே ஒன்று கேட்கிறேன். சங்கத்தின் வணிகர் பிரிவு ஒரு சுழல் நிதி தொடங்கட்டும். உறுப்பினர் லோரிகளுக்கு அடக்க விலையில் டயரும் பிரேக் பட்டையும் நான் தருகிறேன், ஆறு மாதத் தவணையில் நிதிக்குக் கட்டட்டும். ஜெலுத்தோங்கில் என் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள், காசில்லாமல் பார்த்துத் தருகிறேன். பெயரைச் செயலாளர் நானாவிடம் இன்றே கொடுத்துவிடலாம்.