அநாதை என்னும் சொல்



நான் பிறந்து வளர்ந்த ஊர் நீடாமங்கலம். தஞ்சையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில், மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. ஊரை அடுத்து மூணாறு தலைப்பு என்று ஓரிடம் இருக்கிறது. காவிரியின் கிளையான வெண்ணாறு அங்கே வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக எவரும் அங்கே கதவுகளை எல்லாம் ஒரேயடியாகத் தூக்கிவிடுவதில்லை. எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் திறக்கிறார்கள். பயிரை வாழவைப்பதும் தண்ணீர்தான். அளவு தப்பினால் அதே பயிரை அழுகச் செய்வதும் தண்ணீர்தான். இரக்கத்துக்கும் இப்படி ஒரு தலைப்பு வேண்டும் என்பதை நான் நடுவயது கடந்த பிறகே அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை கிளம்பி, நம்முடைய கீழைக் கடற்கரையைத் தாக்கிற்று. தமிழ்நாட்டில் மிகுதியாக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் ஊர் கடலிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் எங்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அப்பொழுது நான் பள்ளி ஆசிரியன். உடனே ஊரார் கூடி, அண்டா அண்டாவாகப் புளிச்சோறு கிளறி, பொட்டலம் கட்டி, துணிமணிகளோடு ஒரு லாரியில் ஏற்றினோம். மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நானும் உடன் சென்றேன். திருவாரூரைத் தாண்டியதும் எங்களைப் போன்றே நூற்றுக்கணக்கான வண்டிகள் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. மனிதருடைய நல்ல உள்ளத்தைக் கண்ணால் கண்டேன் என்று அன்று பெருமைப்பட்டேன்.

நாகையில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் முகாம்களாகி இருந்தன. நாங்கள் சென்ற மண்டபத்தில் ஒரு சிறுமி இருந்தாள். மூன்று அல்லது நான்கு வயது இருக்கும். யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுச் சென்றிருந்தார்கள். தன் பெயரை மட்டும் சொன்னாள். ஊர்ப் பெயர் கேட்டால் "கடல்" என்றாள். மூன்று நாட்களாக அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் அவளை "அந்த அநாதைக் குழந்தை" என்றே குறிப்பிட்டார்கள். நானும் அப்படியே குறிப்பிட்டேன்.

எங்கள் ஊரைச் சேர்ந்து, வெளிமாநிலத்தில் வேலை பார்த்துவந்த ஒரு தம்பதியர் எனக்கு நெருங்கிய பழக்கம். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அவர்களுக்கு மகப்பேறு இல்லை. அவர்களும் முகாமுக்கு வந்திருந்தார்கள். அந்த அம்மையார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோறூட்டினார். மாலையில் கணவர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, இவளை நாங்களே எடுத்துக்கொண்டு போய் வளர்க்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கண்களும் கலங்கின. இதைவிட நல்ல காரியம் உலகில் வேறு என்ன இருக்க முடியும் என்று எண்ணி, முகாமைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடிப் பணியாளரிடம் நானே சென்று பேசினேன். இவர்கள் நல்ல குடும்பத்தார், இவர்களுக்கு நான் பொறுப்பு என்றேன்.

அந்தப் பெண்மணி அலைகளில் தம் உறவினரையும் இழந்தவர். இரண்டு இரவுகள் உறங்காதவர். அவர் எழுந்து நின்று, "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிள்ளையைக் கேட்டு இதுவரை நான்கு பேர் வந்துவிட்டார்கள். நான்கு பேருமே நல்லவர்கள் என்றுதான் சொன்னார்கள். பெயர் பதிவு ஆகாமல் ஒரு குழந்தையும் இந்த வாசலைத் தாண்டாது" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. காகிதத்தைக் கட்டிக்கொண்டு கருணையைக் கொல்கிறார்கள் என்று லாரியில் திரும்பும்போது மாணவர்களிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

பதினோராம் நாள் செய்தி வந்தது. குழந்தையின் தாய் உயிரோடு இருந்தாள். காலெலும்பு முறிந்து தஞ்சையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தாள். மகள் கடலோடு போய்விட்டாள் என்று எண்ணி அழுதுகொண்டிருந்தவளிடம், பதிவேட்டிலிருந்த பெயரும் அடையாளமும் சென்று சேர்ந்தன. முகாமுக்கு மேற்கே ஒரு மருத்துவமனைக் கட்டிலில் தாய் கிடக்க, நான் அவள் மகளை அநாதை என்று சொல்லி வெளிமாநிலத்துக்கு அனுப்பிவைக்க இருந்தேன். அன்று முதல் அநாதை என்னும் சொல்லை நான் எளிதில் வாயில் எடுப்பதில்லை.

இந்த நிகழ்ச்சியை நான் மீண்டும் நினைத்துக்கொள்ளும்படி செய்தது, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உலகின் மறுகோடியில் நடந்த ஒரு வழக்கு. கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி என்னும் ஏழை நாட்டில், 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. தலைநகரான போர்ட்டோ பிரின்சு இடிந்து விழுந்தது. பல நாடுகளிலிருந்தும் உதவியாளர்கள் விரைந்தார்கள். அவர்களுள் அமெரிக்கர் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவும் இருந்தது. ஜனவரி 29ஆம் நாள் அவர்கள் 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, அண்டை நாடான டொமினிக்கன் குடியரசின் எல்லையை அடைந்தனர். அங்கே ஒரு காப்பகம் அமைத்து அவர்களை வளர்ப்பதாகத் திட்டம். ஆனால் குழந்தைகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதற்கு உரிய ஆவணம் அவர்களிடம் இல்லை. எல்லையில் தடுத்துக் கைது செய்தார்கள். குழந்தைக் கடத்தல், குற்றச் சதி ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டன.

விசாரணையில் என்ன தெரியவந்தது? அந்தக் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். கலெபா என்னும் மலைக்கிராமத்துப் பெற்றோர் தாங்களாகவே பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். நல்ல பள்ளி உண்டு, விளையாட இடம் உண்டு, நீங்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லப்பட்டதை நம்பிக் கொடுத்தார்கள். வீடும் இல்லை, அடுத்த வேளைச் சோறும் இல்லை என்னும் நிலையில் ஒரு தாய் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா? இதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளைப் பிறர் வீட்டில் வேலைக்கு விட்டுவிடும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. குழந்தைகளைக் கவர்ந்து விற்பவர்களும் உண்டு. ஆகவே அந்த அரசாங்கம் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

எட்டுப் பேர் பிப்ரவரியிலும் ஒருவர் மார்ச்சிலும் விடுவிக்கப்பட்டனர். கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தலைவியான லாரா சில்ஸ்பி என்பவர் மட்டும், முறையற்ற பயணத்துக்கு ஏற்பாடு செய்தார் என்னும் குற்றத்துக்காக மே மாதத்தில் தண்டிக்கப்பட்டார்; அதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு அவரும் வீடு திரும்பினார். இவ்வழக்கில் இன்னும் ஒரு விந்தை உண்டு. அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக முன்வந்த ஒருவர், எல் சால்வடார் நாட்டில் மனிதக் கடத்தல் வழக்கில் தேடப்பட்டுவந்தவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. முறையைப் புறக்கணித்துச் செல்லும் நல்லவர்களின் பக்கத்தில் தீயவர்கள் எவ்வளவு எளிதாக வந்து நின்றுகொள்கிறார்கள் பாருங்கள்!

இதற்கு முன்பும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்ததுண்டு. 2007ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளைப் பிரான்சுக்கு விமானத்தில் ஏற்றிச்செல்ல ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் முயன்றது. தார்பூர்ப் போரில் பெற்றோரை இழந்தவர்கள் இவர்கள் என்றார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பம் இருந்தது. நிறுவனத்தார் அறுவருக்கு எட்டாண்டுத் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டில் அந்நாட்டு அதிபர் மன்னிப்பு வழங்கினார்.

இவற்றைக் கேட்டு, அயல்நாட்டார் எல்லாருமே பிள்ளை பிடிப்பவர்கள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையில் பல நாட்டாரும் வந்து நல்ல பணி செய்தார்கள். வீடு கட்டித் தந்தார்கள், நோய் தீர்த்தார்கள். அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நன்றியில்லாத செயல். மேலும், தீமை செய்ய அயல்நாட்டார்தாம் வர வேண்டும் என்பதில்லை. 2005ஆம் ஆண்டு, சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்னும் பெயரால் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. திருடியவர்களும் விற்றவர்களும் நம்மவர்களே. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டங்களைச் சூறையாடியதே, நினைவிருக்கிறதா? அதற்குப் பின், இடிந்த குடிசையைச் சீர்செய்ய வழியில்லாத ஒரு கூலித் தொழிலாளி, 36,000 ரூபாய்க்குத் தன் மகனைக் கொத்தடிமையாக விட்டுவிட்டதாகவும், பின்னர் அச்சிறுவன் மீட்கப்பட்டதாகவும் செய்தித்தாள்களில் படித்தோம். அது நடந்தது தஞ்சைத் தரணியில். நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் இதே மண்ணில்!

அப்படியானால் வழி என்ன? ஆளைப் பார்த்து அளக்காமல் முறையைக் கொண்டு அளக்க வேண்டும். மூணாறு தலைப்பில் மூன்று ஆறுகளுக்கும் கதவு இருப்பதைப் போல, ஒரு குழந்தை கைமாறுவதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். இக்குழந்தையின் உற்றார் உறவினரைத் தேடிப் பார்த்தாயிற்றா? கேட்டு வந்தவர் யார் என்று ஆராய்ந்தாயிற்றா? இதற்கு அனுமதி தரும் உரிமை உடையவர் அனுமதி தந்திருக்கிறாரா? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் கதவு மூடியே இருக்க வேண்டும்.

நம் நாடு இதை நெடுநாள் சிந்தித்தே சட்டமாக்கியிருக்கிறது. லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர், இந்தியக் குழந்தைகளை அயல்நாட்டார்க்குத் தத்துக் கொடுப்பதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984ஆம் ஆண்டில் நீதிபதி பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தார். முதலில் இந்நாட்டிலேயே குழந்தைக்கு ஒரு குடும்பம் தேட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1993ஆம் ஆண்டு ஹேக் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் கடல் பொங்கிற்று. அப்பொழுது தமிழக அரசு குழந்தைகளை அவசரப்பட்டுத் தத்துக் கொடுக்கவில்லை. உறவினரிடம் சேர்க்கக் கூடியவர்களைச் சேர்த்தது. மற்றவர்களுக்குக் காப்பகம் அமைத்தது. நாகையில் அன்னை சத்யா காப்பகத்தில் அவ்வாறு வளர்ந்த பெண்கள் கல்வி கற்று, மணமாகி, இன்று தாங்களும் தாயராகி இருக்கிறார்கள். அன்று மாவட்ட ஆட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற திரு. ராதாகிருஷ்ணன், ஊர் மாறிப் பதவி மாறிய பிறகும் அவர்களை வந்து பார்த்ததை நாடறியும். கருணையும் முறையும் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் காலத்திலும் புயல் வரும், வெள்ளம் வரும். நீங்களும் லாரியில் ஏறிச் செல்வீர்கள், செல்ல வேண்டும். அங்கே தனித்து நிற்கும் ஒரு குழந்தையைக் கண்டால், உணவு கொடுங்கள், போர்வை கொடுங்கள், அருகே அமர்ந்து பேசுங்கள். ஆனால் நீங்களாக எங்கும் அழைத்துச் செல்லாதீர்கள். 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடும்பத்தைப் பிரிந்த குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். குழந்தையின் பெயர், உடை, உடம்பில் உள்ள மச்சம், கண்டெடுத்த இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி, எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கும் தாய்க்குப் போய்ச் சேரும்.

அந்தத் தம்பதியர் பின்னர் முறைப்படி விண்ணப்பித்து, காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அவள் இப்பொழுது கல்லூரியில் படிக்கிறாள். யாருடைய கண்ணீரும் அவர்கள் மகிழ்ச்சியில் கலந்திருக்கவில்லை. அண்மையில் அவர் என்னைக் கண்டபோது, "அண்ணே, அன்றைக்கு அந்த அம்மா இல்லை என்று சொன்னாரே, அவரை ஒருமுறை பார்த்து நன்றி சொல்ல வேண்டும்" என்றார். நானும் சொல்ல வேண்டியவனே. அந்த முகாமில் நான் ஆத்திரத்தோடு பேசியதற்கு இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த வானொலி வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.