அருவிச் சத்தம் கேட்ட இடத்தில் திரும்பினோம்

(இமயமலைப் பனிப் பயணத்துக்குத் தயாராகும் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக, சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பிலிருந்து பதினொரு பிள்ளைகள் மே மாதம் இமயமலையில் பனியில் நடக்கப் போகிறார்கள். அதற்காக இரண்டு முறை கொல்லிமலைக்குப் போய் வந்தோம். “பனியே இல்லாத மலையில் பனிக்கு என்ன சார் பயிற்சி?” என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறேன். முதல் பயணத்தில் நான் செய்த தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு உண்மைக் கதை. மாலாவத் பூர்ணா என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்து விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண். அரசு சமூகநலத் துறையின் உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது வயது 13 ஆண்டு 11 மாதம். உடன் ஏறியவர் அதே பள்ளிகளின் மாணவர் ஆனந்த்குமார். இந்தப் பிள்ளைகளின் பயிற்சி தொடங்கியது போங்கிர் கோட்டைப் பாறையில். அங்கேயும் பனி கிடையாது, வெயில்தான். அங்கே தேறியவர்கள் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்குப் போனார்கள். பிறகு சிலர் லடாக்கின் கடுங்குளிரில் பழகினார்கள். கடைசியில் எவரெஸ்டுக்குப் போனது இரண்டே பேர். பாறை, பனி, குளிர், உயரம் என்று ஒவ்வொரு படியாகத்தான் போனார்கள். நாம் இப்போது முதல் படியில் நிற்கிறோம்.

இனி என் தவறு. முதல் பயணத்தில் ஆகாய கங்கைக்கு இறங்கினோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே இறங்கிவிட்டு ஏற வேண்டும். இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகம். திரும்பும்போது “யார் ஃபர்ஸ்ட்” என்று பையன்கள் ஓடினார்கள். நானும் அவர்களோடு முன்னால் போய்விட்டேன். மேலே வந்து எண்ணினால் பத்து பேர்தான் இருந்தார்கள்.

திரும்பவும் இறங்கி ஓடினேன். பாதி வழியில் அந்தப் பெண் தனியாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். வரும்போது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குமட்டல், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, இப்போது தலைசுற்றல். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அடுத்த தடவை கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னு பயந்தேன் அங்கிள்” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. கொல்லிமலையின் உயரம் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர். அங்கே மறைத்த தலைசுற்றல் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் சரியாகிவிட்டது. 2,500 மீட்டருக்கு மேலே தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் அது உயர நோயாக இருக்கலாம். அதை மறைத்துக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். குறையவில்லை என்றாலோ தள்ளாட்டம் இருந்தாலோ உடனே கீழே இறக்க வேண்டும்.

அதனால் இரண்டாவது பயணத்தில் முறையை மாற்றினோம். மெதுவாக நடப்பவர் முதலில், வேகமானவர் கடைசியில், முதலுதவிப் பையோடு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். அரை மணிக்கொருமுறை ஒவ்வொருவரும் தன் நிலையைச் சொல்ல வேண்டும். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும்.

அன்று மழையால் தாமதமாகத்தான் இறங்கத் தொடங்கினோம். ஒரு மணி ஆனபோது அருவிச் சத்தம் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் படிகள்தான். திரும்பினோம். ஒரு பையன் அழுதே விட்டான். ஆனால் மேலே வந்தபோது பதினொரு பேரும் சேர்ந்து வந்தார்கள். பனிக்கான பயிற்சி இதுதான் சார்.

கொல்லிமலை கற்றுத் தராததும் உண்டு. உயரத்துக்கு உடம்பு அங்கே பழகாது. அது இமயத்தில்தான் நடக்கும், அவசரப்படுத்த முடியாது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. குளிருக்குப் பருத்தி பனியன் ஆகாது. வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

“முழுப் பாதுகாப்பா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சி மாணவர்கள் பனிச்சரிவில் சிக்கிப் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் ஒருவரும் அதில் இறந்தார். நம் பிள்ளைகள் போவது சிகரத்துக்கு அல்ல, தொடக்கநிலைப் பாதைக்குத்தான். ஆனாலும் மலை மலைதான். வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சு கூடாது.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, மே வரை பிள்ளைகள் லிஃப்டை மறக்கட்டும், முதுகுப் பையோடு மாடிப்படி ஏறி இறங்கட்டும். இரண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள், ஆஸ்துமா இருந்தால் எங்களிடம் மறைக்காதீர்கள். மூன்று, பிள்ளை “முடியலை” என்று சொன்னால் “பணம் கட்டியாச்சே” என்று திட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொல்லப் பழகுவதற்குத்தான் இரண்டு முறை கொல்லிமலை போனோம்.

அந்தப் பெண்ணின் அம்மா முதல் பயணத்துக்குப் பிறகு பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவர் கோபம் நியாயம், தவறு என்னுடையது. இரண்டாவது பயணத்துக்கு அவரே கூட வந்தார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மகளின் பெயர் பட்டியலில் இருக்கிறது. வரிசையில் முதலாவதாக.