யாருடைய வக்கீல்?

(‘அரசுத் தலைமை வழக்கறிஞரை நியமிக்க வேண்டியது அரசா? மக்களா?’ என்ற தலைப்பில், வந்தவாசி பட்டிமன்றத்தில் ‘மக்களே!’ என்னும் அணியில் பேசியது)



1760 ஜனவரி 22ஆம் தேதி இதே ஊர்லதான் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் முட்டிக்கிட்டாங்க. அயர் கூட் ஒரு பக்கம், லாலி ஒரு பக்கம். நம்ம சீமையை யார் வச்சுக்கிறதுன்னு சண்டை. வந்தவாசிக்காரங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டானா? (சிரிப்பு) நம்மைக் கேட்காமலே முடிவு பண்றது நமக்குப் பழகிப்போச்சுங்க!

அட்வகேட் ஜெனரல் விஷயமும் அப்படித்தான். அரசியல் சட்டம் 165வது பிரிவு என்ன சொல்லுது? ஆளுநர் நியமிப்பார். ஆளுநர் விரும்புகிற காலம் வரைக்கும் பதவி. ஆளுநர் விருப்பம்னா அது யார் விருப்பம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? (கைதட்டல்) ஆட்சி மாறினா இவரும் மாறுவார்.

அமெரிக்காவைப் பாருங்க. 50 மாநிலத்துல 43ல இந்தப் பதவிக்கு ஜனங்க ஓட்டுப் போடறாங்க. 2010ல கலிபோர்னியாவுல கமலா ஹாரிஸ் நின்னாங்க. தாத்தா ஊரு நம்ம மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். எதிர்த்து நின்ன ஸ்டீவ் கூலி அன்னிக்கு ராத்திரியே ‘நான் ஜெயிச்சுட்டேன்’னு பேசிட்டார். எண்ணிக்கை மூணு வாரம் இழுத்துது. கடைசியில ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்துல கமலா ஜெயிச்சாங்க!

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: ‘தேர்தல்னா பணம். பணம் கொடுத்தவன் மேல கேஸ் போடுவாரா?’ நியாயமான கேள்விதான். அந்த ஆபத்து அங்கேயும் இருக்கு, இல்லேன்னு நான் சாதிக்க மாட்டேன். ஆனா, சகோதரி! மிசிசிப்பி மாநிலத்துல மைக் மூர்னு ஒருத்தர், ஓட்டு வாங்கி வந்த அட்டர்னி ஜெனரல். 1994ல சிகரெட் கம்பெனிகள் மேல வழக்குப் போட்டார். ‘உன் சிகரெட்டைக் குடிச்சு நோயில விழுந்த ஏழைக்கு எங்க கஜானா வைத்தியம் பாக்குது. அந்தக் காசை எடுத்து வை!’ அவ்வளவுதான் வழக்கு. மாநில கவர்னருக்குப் பிடிக்கலை. ‘இவரை நிறுத்துங்க’ன்னு கவர்னரே கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் நிறுத்தலை. ஒவ்வொரு மாநிலமா பின்னால வந்துது. 1998 நவம்பர்ல 46 மாநிலங்களோட கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு, 25 வருஷத்துல 20,600 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க. மூரைக் கவர்னரே நியமிச்சிருந்தா? அன்னிக்குச் சாயங்காலமே மூட்டை கட்டியிருப்பார்! (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம கதைக்கு வாங்க. 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்துது. டில்லியில கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலா இருந்தவர் ஃபாலி நாரிமன். உடனே ராஜினாமா பண்ணினார். பெரிய மனுஷன், கையெடுத்துக் கும்பிடறேன். அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதவியில இருந்தார். விசாரணை இல்லாம ஜெயில்ல போட்டவங்க வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்துது. நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார்: ‘உயிருக்கும் இதே கதிதானா?’ சட்டவிரோதமா உயிரையே எடுத்தாலும் கோர்ட் ஒண்ணும் செய்ய முடியாதுங்கிற அர்த்தத்துல பதில் வந்துது, தாய்மார்களே! 1976 ஏப்ரல் 28ல தீர்ப்பு. நாலு நீதிபதிகள் அரசாங்கம் பக்கம். கன்னா ஒருத்தர்தான் எதிர்ப்பக்கம்.

எதிரணித் தலைவர் நாரிமன் பெயரைச் சொல்லி, ‘நியமனத்துலயும் நேர்மையானவர் இருக்கார்’னார். இருக்கார், ஐயா! ஆனா அந்த நேர்மையானவர் எங்கே போனார்? வெளியே போனார்! நியமனம் ஆனவருக்கு மனசாட்சி உறுத்தினா வாசல் ஒண்ணுதான் வழி. ஓட்டு வாங்கினவர் நாற்காலியில உக்காந்துக்கிட்டே அரசாங்கத்தைப் பார்த்து ‘முடியாது’ன்னு சொல்லலாம். (நீண்ட கைதட்டல்)

பக்கத்துல ஆரணி. பட்டு நெய்யற ஊர். கைத்தறிக்குன்னு சில துணி வகைகளை ஒதுக்கி 1985ல மத்திய அரசு சட்டம் போட்டுது. விசைத்தறிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. சட்டம் செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 1993ல. எட்டு வருஷம்! அப்புறம் ஒதுக்கின 22 வகை 11 ஆச்சு. நெசவாளி பக்கம் நின்னு வாதாட அரசாங்க வக்கீலை அனுப்பணும்னா கோப்பு நகரணும், மந்திரி கண் திறக்கணும். அதே வக்கீல் ஓட்டுக் கேட்டு வந்தாகணும்னு வச்சுக்குங்க. தறிக்குழியில காலைப் போட்டு உக்காந்திருக்கிற அம்மா நாடாவை நிறுத்திட்டுக் கேப்பாங்க: ‘விசைத்தறிச் சேலையைக் கைத்தறின்னு விக்கறானே தம்பி, அவன் மேல எத்தனை கேஸ் போட்டே?’ அதுக்குப் பதிலை வச்சுக்கிட்டுத்தான் அவர் ஆரணிக்கு பஸ் ஏற முடியும்! (கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சுட்டார்.