வெட்டுக்கத்தி பிடித்த கை

ஈப்போ மக்களே, பால்மரக்காட்டில் வளர்ந்த என் சொந்தங்களே!

ரப்பரைத் தந்தவர் யார் என்றால் ஒரு காலத்தில் விக்கம் என்ற ஆங்கிலேயர் என்றார்கள். 1876-இல் அமேசானிலிருந்து 70,000 விதைகளைக் கடத்தி வந்த வீரராம்! 1920-இல் சர் பட்டமும் கொடுத்தார்கள். 1987-இல் வாரன் டீன் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைப் புரட்டினார். அன்று பிரேசிலில் ரப்பர் விதை ஏற்றுமதிக்குத் தடையே கிடையாது என்று எழுதினார். கடத்தல் கதை காற்றில் போயிற்று! (கைதட்டல்)

அடுத்து ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர். காப்பி நட்ட துரைமாரிடம் ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்து, பைத்தியக்காரர் என்று பெயர் வாங்கியவர். மரத்தைக் கோடாலியால் கொத்தாமல், பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கலாம் என்று காட்டினார். பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் 1979-இல் லூசில் பிராக்வே என்ற அம்மையார், இந்தத் தாவரப் பூங்காக்கள் எல்லாம் பேரரசின் கருவிகள் என்று எழுதிவிட்டார். பூங்காக்காரர்களின் புகழுக்குப் பின்னால் யார் லாபம் பார்த்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் உரக்கக் கேட்டது.

சரி, அந்த வெட்டைத் தினமும் போட்டது யார்? (கைதட்டல்) அதைக் கேட்கத்தான் வந்தேன்!

இருட்டோடு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்ற என் தாய்மார்களே! விடியலில் மரம் நீர் கோத்திருக்கும், பால் நன்றாக வடியும். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரம் வளர்கிற மெல்லிய படலம் அறுந்து, பட்டை முண்டு முண்டாகிவிடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவு எந்தத் துரையின் குறிப்பேட்டிலும் இல்லை, உங்கள் மணிக்கட்டில் இருந்தது! சுங்கை சிப்புட்டில் ஒரு பாட்டி பட்டையைத் தடவிப் பார்த்தே மரத்தின் உடல்நிலையைச் சொல்வார். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை.

சிலர் இங்கே மேடை போட்டு, தோட்டத்தான் கூலிதானே, அவனுக்கு என்ன அறிவியல் என்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்) அவர்களுக்கு ஒரு கத்தியைக் கொடுங்கள், ஒரே ஒரு மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டிக் காட்டட்டும்!

1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். அவற்றில் சில நம் கோலகங்சாருக்கு வந்தன. அங்கே ஒரு மரம் இன்றும் நிற்கிறது. அறிஞர்களே, விக்கமை மறுபடி எழுதினீர்கள், ரிட்லியை மறுபடி எழுதினீர்கள். தோட்டம் துண்டாகி, லயத்து வீடுகள் இடிந்து, வெட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அந்தக் கோலகங்சார் மரத்தடியில் வெட்டுக்காரர்களுக்கும் ஒரு கல்வெட்டு வையுங்கள், தமிழிலும் பொறியுங்கள்!